ஆறு முதல் ஆறரை வரை

மார்ச் 3

ஆய்வாளர் அவர்களுக்கு,

நான்கு வருடம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். போதும். இனியும் பேசாமல் இருந்தால் நீ எழுதியதெல்லாம் சரிதான் என்று நானே ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும்.

உன் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், கண்ணில் படக்கூடாது என்பதற்காகவே சின்ன எழுத்தில் ஓர் அறிவிப்பு இருக்கிறது. ஆய்வில் பங்கேற்ற வீட்டார் தங்களைப் பற்றிய பகுதியைத் திருத்தவோ நீக்கவோ விரும்பினால், பெயர் போடாமல், வீட்டு எண்ணை மட்டும் குறிப்பிட்டு, ஆய்வு மையத்தின் முகவரிக்குத் தபாலில் எழுதலாம் என்று. அந்த உரிமையைத்தான் இப்போது பயன்படுத்துகிறேன். இல்லாவிட்டால் உனக்கு நான் கடிதம் எழுதுவதற்கு வேறு காரணம் எதுவும் இல்லை.

இரண்டாம் பதிப்பு வருவதைக்கூடக் கல்லூரி நூலகர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "சார், மேடம் புக்கு மறுபடி அச்சாகுதாமே, எங்களுக்கெல்லாம் ட்ரீட் கிடையாதா?" என்று நாலு பேர் முன்னால் கேட்டார். நான் சிரித்தேன். பல் தெரியச் சிரிப்பது எவ்வளவு கடினமான வேலை என்று நீ ஆய்வு செய்த நாற்பது வீடுகளில் யாராவது சொன்னார்களா?

விஷயத்துக்கு வருகிறேன். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். ஏழாம் வீடு. நீ எழுதியதை அப்படியே தருகிறேன்: "ஏழாம் வீட்டுக் கணவர், நேரத்தாளின் மாலை ஆறு முதல் ஆறரை வரையிலான கட்டத்தில் ஏழு நாளும் 'ஒன்றுமில்லை' என்றே நிரப்பியிருந்தார். நேரில் கேட்டபோதும் அதையே சொன்னார். உண்மையில் அந்த அரை மணி நேரம் அவர் ஜன்னலருகே நிற்கிறார். மனைவி தெருமுனையில் தெரிந்ததும் உள்ளே வந்து, காலையிலேயே படித்து முடித்த செய்தித்தாளைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்கிறார். கதவு திறக்கும்போது அவர் நிமிர்வதில்லை. மக்கள் 'ஒன்றுமில்லை' என்று எழுதும் இடத்தில்தான் அன்றாட வாழ்வு ஒளிந்திருக்கிறது."

வீட்டாரின் அடையாளம் தெரியாமல் சில விவரங்களை மாற்றுவது நம் தொழில் வழக்கம். பால்கனியை ஜன்னல் ஆக்கிவிட்டால் எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? அந்த நாற்பது வீடுகளுக்கும் போவதற்கு முன், அந்த நேரத்தாளை முதன்முதலில் நிரப்பியவன் நான். நம் சாப்பாட்டு மேசையில் அளவுகோல் வைத்து, ஒரு நாளை அரை மணிக் கட்டங்களாக வெட்டிக் கோடு போட்டுக் கொடுத்தவனும் நான். என்ன செய்தீர்கள், எங்கே, யாருடன் என்ற மூன்று கேள்விகளில் 'யாருடன்' என்பது என் மூளையில் உதித்தது. உன் நன்றியுரையில் நான் 'ஆய்வு முறையியல் ஆசிரியர் ஒருவர்' ஆகிவிட்டேன். போகட்டும். அதை நான் மறந்துவிட்டேன்.

ஆனால் இதை மறக்க முடியவில்லை. பச்சைப் பேருந்திலிருந்து இறங்கும்போது நீ நிமிர்ந்து பார்த்திருக்கிறாய். மூன்றாம் மாடிப் பால்கனியில் ஒருவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும், நீ பேருந்தைவிட்டு இறங்கியதும் அவன் உள்ளே ஓடுவதையும் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறாய். ஒரு நாளாவது, "என்னங்க, எனக்காகவா நின்னீங்க?" என்று கேட்டாயா? கேட்கவில்லை. குறித்துக்கொண்டாய். பிறகு அதை நாலு பேர் படிக்க அச்சிலும் போட்டாய். மாணவர்கள் அந்தப் பகுதியை அடிக்கோடிட்டுக் கொண்டுவந்து என்னிடமே விளக்கம் கேட்கிறார்கள்.

இரண்டாம் பதிப்பில் ஏழாம் வீடு இருக்கக்கூடாது.

இப்படிக்கு,
ஏழாம் வீட்டுக் கணவன்


மார்ச் 11

உங்களுக்கு,

மையத்துக்கு வரும் தபாலைப் பிரித்து வரிசை எண் போட்டு என் மேசைக்கு அனுப்பும் பெண், உங்கள் கடிதத்தோடு வந்து நின்றார். "மேடம், இவரு ரொம்பக் கோவமா எழுதியிருக்காரு. ஆனா கையெழுத்து முத்து முத்தா இருக்கு." எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை. உறையின் மேலிருந்த முகவரியைப் பார்த்ததுமே உட்கார்ந்துவிட்டேன்.

மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் முறை படித்தபோது எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஏழாம் வீடு நம் வீடு இல்லை.

ஆய்வுக்கு முந்திய மாதிரி ஓட்டத்தில் நிரப்பிய தாள் எந்தக் காரணம் கொண்டும் கணக்கில் சேராது என்று வகுப்பில் மேசையைத் தட்டிச் சொல்வது யார்? அந்த வகுப்பில் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தவள் நான். நீங்கள் நிரப்பிய தாள்களை அன்றே தனி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். நான் அதைப் படித்ததுகூட இல்லை. நம் வீட்டைத் தரவாகப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது.

நீங்கள் பால்கனியில் நின்றது எனக்குத் தெரியாது.

பேருந்து நிறுத்தத்திலிருந்து நம் வாசல்வரை நடைபாதைக் கற்கள் பெயர்ந்து கிடக்கும். ஒரு முறை இடறி விழுந்து முழங்காலில் தையல் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குப் பிறகு கீழே பார்த்துக்கொண்டேதான் நடப்பேன். தலை நிமிர்ந்ததே கிடையாது. நிமிர்ந்திருக்கலாம். இப்போது அப்படித் தோன்றுகிறது.

உங்கள் கோரிக்கையை ஏற்பதா வேண்டாமா என்று என்னால் முடிவெடுக்க முடியாது. அந்த வீடு உங்களுடையது இல்லை என்பதால் நீக்கச் சொல்லும் உரிமையும் உங்களுக்கு இல்லை. விதிப்படி அவ்வளவுதான் பதில்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நிஜமாகவே நின்றீர்களா?


மார்ச் 17

நான் என்ன பச்சைக் குழந்தையா? இப்படிப் பூசி மெழுகினால் நம்பிவிடுவேனா?

இந்த உலகத்தில் மாலை ஆறு மணிக்கு நின்று, செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டு, அதற்கு 'ஒன்றுமில்லை' என்று பெயர் வைத்த இன்னொருவன் இருக்கிறான். அவன் சரியாக உன் ஆய்வில் வந்து விழுந்தான். அவனைத்தான் நீ ஏழாம் வீடு ஆக்கினாய். அப்படித்தானே? என் மாணவன் இப்படி ஒரு தற்செயலை ஆய்வேட்டில் எழுதியிருந்தால் சிவப்பு மையால் சுழித்துத் திருப்பிக் கொடுத்திருப்பேன்.

மாதிரி ஓட்டத் தாள் கணக்கில் சேராது என்பது எனக்குத் தெரியும். எனக்கே பாடம் எடுக்காதே. அது விதி. விதியை யார் மீறினார்கள் என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. நான் பால்கனியில் நின்றது காற்று வாங்க. பகல் முழுக்க நாலு சுவருக்குள் கத்திவிட்டு வருகிறவன் கொஞ்ச நேரம் வெளியே நிற்கக்கூடாதா? முன் கடிதத்தில் ஆவேசத்தில் வார்த்தை கொஞ்சம் தாறுமாறாக விழுந்துவிட்டது. அதைப் பிடித்துக்கொண்டு 'நிஜமாகவே நின்றீர்களா' என்று பேட்டி எடுக்காதே.

மகள் போன் செய்தாள். நீ அவளிடம் சொல்லியிருப்பாய் போலிருக்கிறது. "ஏம்ப்பா, நீங்க ரெண்டு பேரும் ஆராய்ச்சி பண்ண ஊர்ல வேற குடும்பமே கெடைக்கலையா?" என்று சிரித்தாள். பிறகு, "அப்பா, அது நீங்க இல்லன்னா உங்களுக்கு நிம்மதியாத்தானே இருக்கணும், ஏன் குரல் இப்படி இருக்கு?" என்றாள். உன் பெண் அல்லவா. கேட்கிற கேள்வியெல்லாம் இடம் பார்த்துக் குத்துகிறது.

அவளிடம் பேச்சை மாற்றிவிட்டேன். உனக்குச் சொல்கிறேன், வேண்டுமானால் குறித்துக்கொள். நாற்பது வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறாய். அலமாரியில் என்ன இருக்கிறது, யார் முதலில் எழுகிறார், யார் விளக்கை அணைக்கிறார் என்று ஒன்று விடாமல் கேட்டிருக்கிறாய். சொந்த வீட்டை மட்டும் உறையில் போட்டு ஒட்டிவிட்டாய். நான்கு வருடமாக என்னைப் பற்றி எழுதிவிட்டாள் என்று கொதித்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுதவே இல்லை என்கிறாய். இது அதைவிட நன்றாக இருக்கிறது என்றா நினைக்கிறாய்?

ஆதாரம் இருந்தால் அனுப்பு. இல்லையென்றால் பதில் எழுதவேண்டாம்.

இப்படிக்கு,
எந்த வீட்டுக் கணவன் என்று இப்போது தெரியாதவன்


மார்ச் 26

உங்களுக்கு,

ஆதாரம் கேட்டீர்கள். ஒரு வீட்டைப் பற்றி இன்னொருவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை. அதனால் ஏழாம் வீட்டு அம்மாவையே போய்ப் பார்த்தேன். யாருக்கு, எதற்காக என்று சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாவுக்கு மருந்துக்கடையில் வேலை. அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவராக இருந்தார். மூன்றாம் முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது அவர் ஜன்னலருகே நின்றதை நானே பார்த்தேன். பால்கனி கிடையாது, ஜன்னல்தான். எதையும் மாற்றி எழுதவில்லை. புத்தகம் வந்த அடுத்த வருடம் அவர் இறந்துவிட்டார்.

நீக்கச் சொல்லி ஒருவர் கேட்கிறார் என்று சொன்னதும் அந்த அம்மா பதறிப்போனார். "அவர் இருந்தவரைக்கும் எனக்கு இது தெரியாதும்மா. உங்க புக்குல படிச்சுதான் தெரிஞ்சுது. போட்டோல எல்லாம் அவர் சும்மா உட்கார்ந்திருக்காரு. அந்த ஒரு பக்கத்துலதான் எனக்காக நிக்கறாரு. அத மட்டும் எடுத்துடாதீங்க." புத்தகத்தை எடுத்து வந்து காட்டினார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் மருந்துச்சீட்டு ஒன்றை அடையாளமாக வைத்திருந்தார். புத்தகம் தானாகவே அந்தப் பக்கத்தில்தான் திறந்துகொண்டது.

தற்செயல் என்று கேலி செய்திருந்தீர்கள். நீங்கள் நூற்றுப் பன்னிரண்டோடு நிறுத்திவிட்டீர்கள் போலிருக்கிறது. அடுத்த பக்கத்தைப் புரட்டியிருந்தால் தெரிந்திருக்கும். நாற்பதில் பதினொரு வீடுகளில் அந்த நேரத்துக் கட்டத்தில் 'ஒன்றுமில்லை' என்று இருந்தது. பதினொன்றிலும் எழுதியவர் ஆண். பதினொரு பேரும் ஒருவருக்கொருவர் முகம் தெரியாதவர்கள். மனைவிக்கு வேலை நேரம் நீண்டு, கணவன் முதலில் வீடு திரும்பத் தொடங்கிய வீடுகள் எல்லாம். பெண்கள் காத்திருந்தால் 'காத்திருந்தேன்' என்று கூசாமல் எழுதுகிறார்கள். ஆணுக்கு அந்த வார்த்தையை எழுதக் கை வருவதில்லை. ஒவ்வொருவரும் இது தன் ஒருவனுடைய அசட்டுத்தனம் என்று ஒளித்துவைத்திருந்தார். நீங்கள் பன்னிரண்டாவது. அவ்வளவுதான்.

இனி நான் செய்த ஒரு காரியம். சொன்னால் கத்துவீர்கள். பரவாயில்லை. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை இன்னொரு வழியிலும் சரிபார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தவர் நீங்கள். காற்று வாங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். நம் கட்டடத்துக் கீழ்க்கடைத் தையல்காரருக்குப் போன் செய்தேன்.

"நிக்கறதா? ஆறு அடிச்சா சார் மேல நிப்பாரே. நீங்க எறங்கின உடனே சார் தலை உள்ள போயிடும். நாங்க கடையில பேசிச் சிரிச்சுக்குவோம்மா, தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். ஏன் என்னிடம் ஒரு நாளும் சொல்லவில்லை என்று கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். புருஷன் பொண்டாட்டி விஷயம், நாங்க என்னத்தச் சொல்றது?"

பிறகு அவர் இன்னொன்று சொன்னார். அதை நான் கேட்கவில்லை, அவராகச் சொன்னார். "இப்பவும்தாம்மா நிக்கறாரு."

நான் இந்த ஊருக்கு வந்து ஆறு வருடம் ஆகிறது. அந்தப் பச்சைப் பேருந்தில் யார் வந்து இறங்குகிறார்கள்?

எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் வீட்டுக் கதையைக் கேட்டுவிட்டு வந்து என் வீட்டுக் கதவைத் திறப்பேன். செய்தித்தாளுக்கு மேலே உங்கள் நெற்றி மட்டும் தெரியும். "சாப்பாடு சூடா இருக்கு" என்று ஒரு குரல் வரும். சூடாக இருப்பதற்கு அதை அப்போதுதான் யாரோ சூடாக்கியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. காலையில் படித்த தாளை மாலையில் ஒரு மனிதர் எதற்குத் திரும்பப் படிக்கிறார் என்றும் நான் கேட்டதில்லை. நாற்பது வீட்டில் அதைக் கேட்டிருப்பேன். மையத்தில் வேலை கிடைத்த அன்று, "நான் அந்த ஊருக்குப் போகட்டுமா?" என்று கேட்டபோதும் அந்தத் தாள் இறங்கவில்லை. "போறதுன்னா போ" என்றீர்கள். போனேன்.

மையத்தில் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் நீட்டிக்கிறார்கள். ஏப்ரல் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே உங்கள் கல்லூரிக்கு அருகிலேயே இருந்து எழுதும் வேலை ஒன்றும் இருக்கிறது. இரண்டுக்கும் இன்னும் பதில் சொல்லவில்லை. தகவலுக்காகத்தான் எழுதுகிறேன்.


ஏப்ரல் 2

தையல்காரரிடம் போய் விசாரித்திருக்கிறாய்!

இன்று இறங்கிப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். "உம்ம யார்யா இதெல்லாம் சொல்லச் சொன்னது?" அந்த மனிதர் வாயிலிருந்த குண்டூசியைக்கூட எடுக்கவில்லை. "கேட்டா சொல்லாம எப்படி சார்? கடைக் கடிகாரம் நின்னுபோய் எத்தன வருஷமாச்சு. நீங்க வந்து நின்னா ஆறு, உள்ள போனா ஆறரை. அத வெச்சுத்தான் நான் இஸ்திரிப் பெட்டியையே அணைக்கறேன்." பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "சார், சட்டைல ரெண்டாவது பட்டன் இல்ல, கழட்டிக் குடுங்க" என்றார். பனியனோடு அந்தக் கடையில் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தேன். கோபப்படுவதற்கு அது ஏற்ற கோலம் இல்லை.

ஏழாம் வீட்டை நீக்கவேண்டாம். அந்த லிஃப்ட்காரர் அங்கேயே இருக்கட்டும். அந்த அம்மாவிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள். அவர் பக்கத்தை என் பக்கம் என்று நினைத்து நான்கு வருடம் கரித்துக்கொட்டியிருக்கிறேன்.

நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தை நேற்றுத்தான் படித்தேன். இருபத்திரண்டு வருடமாக வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: ஒருவன் தன் தலையெழுத்து என்று நினைப்பதில் பாதி, அவன் தெருவும் அவன் அலுவலக நேரமும் எழுதியது. முதல் வருட மாணவனுக்கும் புரியும்படி சொல்வேன். என் வீட்டு வாசலோடு அந்தப் பாடத்தைக் கழற்றி வைத்துவிட்டேன் போலிருக்கிறது, செருப்பைப் போல.

சொல்லத் தொடங்கிவிட்டேன், முடித்துவிடுகிறேன். அந்த மையத்து வேலைக்கான நேர்காணலுக்கு நாம் இருவரும்தான் போனோம். ஒரே நடைவழி, ஒரே பெஞ்சு. எனக்குப் பிறகு நீ உள்ளே போனாய். கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. உன் சிரிப்பும் கேட்டது. நான் உள்ளே இருந்தபோது யாரும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை இத்தனை வருடமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். 'போறதுன்னா போ' என்று சொன்னது அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்.

ஆனால் மறுநாள் ஆறு மணிக்கும் அவன்தான் போய் நின்றான். இரண்டும் ஒரே ஆள் என்பதை எனக்கே நம்பச் சிரமமாக இருக்கிறது. நீ எப்படி நம்புவாய்?

ஏன் தாளைத் தூக்கினேன் என்று கேட்டால், வெட்கம். அரை மணி நேரம் ஒருத்திக்காக நின்றவனின் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த முகத்தோடு உன்னை வா என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. பல நாள் தாளைத் தலைகீழாகப் பிடித்திருப்பேன். நீ அதையும் கவனிக்கவில்லை.

ஒப்பந்தம் பற்றி எழுதியிருந்தாய். நல்ல மையம், நல்ல வேலை. உன் படிப்புக்கும் பெயருக்கும் அதுதான் பொருத்தம். கையெழுத்துப் போடு.

இங்கே எல்லாம் சௌகரியமாகவே இருக்கிறது.


ஏப்ரல் 10

உங்களுக்கு,

கடைசி இரண்டு வரி வரைக்கும் நீங்கள் என் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தீர்கள். பிறகு மறுபடியும் தாளைத் தூக்கிவிட்டீர்கள்.

எனக்கு ஐம்பது வயதாகிறது. இன்னொரு முறை 'போறதுன்னா போ'வைக் கேட்டுவிட்டுப் பெட்டி கட்ட என்னால் முடியாது. 'வா' என்று சொல்லுங்கள் என்றும் கேட்கமாட்டேன். கேட்டு வாங்கும் பதிலுக்கு மதிப்பில்லை என்பது உங்கள் வகுப்புப் பாடம்தான்.

பழைய உறையைப் பிரிக்கவில்லை. அந்தக் கட்டத்தில் என்ன எழுதியிருப்பீர்கள் என்று தெரியும்.

அதனால் நேரத்தாள் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். நீங்கள் கோடு போட்டது, இப்போது அச்சில். மேலே வீட்டு எண் நாற்பத்தொன்று என்று நானே எழுதிவிட்டேன். ஒரே ஒரு நாளுக்கு நிரப்பி அனுப்புங்கள். எந்தக் கட்டத்திலும் 'ஒன்றுமில்லை' என்று இருந்தால் ஏற்றுக்கொள்ள முடியாது. இருபத்தைந்தாம் தேதிக்குள் என் கைக்கு வர வேண்டும். வராவிட்டால், நீங்கள் சொன்னபடியே கையெழுத்துப் போட்டுவிடுவேன்.

விதிமுறைகள் தாளின் பின்பக்கத்தில் இருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்தவைதான்.

சட்டைப் பட்டனுக்கு என்ன நிறத்து நூல் போட்டார்? அவருக்கு வெள்ளைக்கும் சந்தனத்துக்கும் வித்தியாசம் தெரியாது.


ஏப்ரல் 16

சந்தன நிறச் சட்டைக்கு வெள்ளை நூல்தான் போட்டிருக்கிறார். பார்க்கிறவர்களுக்கெல்லாம் தெரிகிறது.

தாளை நிரப்ப ஒரு நாள் போதும் என்று எழுதியிருந்தாய். எனக்கு நான்கு நாள் ஆனது. முதல் மூன்று நாளும் ஆறு மணிக் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. காற்று வாங்கினேன் என்று ஒரு நாள் எழுதினேன். வேடிக்கை பார்த்தேன் என்று ஒரு நாள். இரண்டையும் கிழித்துவிட்டேன். நல்லவேளை, எழுதுவதற்கு முன்பே கல்லூரியில் வெற்றுத்தாளை நகல் எடுத்துவைத்திருந்தேன். அப்போது நூலகர் எட்டிப் பார்த்து, "என்ன சார், நீங்களே பரீட்சை எழுதறீங்களா?" என்றார். ஆமாம், அரியர் பேப்பர் என்றேன். அவர் சிரித்தார். இந்த முறை நானும் நிஜமாகவே சிரித்தேன்.

நகலில் 'நாற்பத்தொன்று' உன் கையெழுத்திலேயே வந்திருக்கிறது. அதை மாற்றி எழுதவில்லை.

நேற்றைய நாளை எழுதியிருக்கிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்தேன், சமையலறை, யாருடனும் இல்லை. இரண்டு கோப்பையை எடுத்து ஒன்றைத் திரும்ப வைத்தேன். இதை ஒரு தனிச் செயலாக எழுதலாமா என்று யோசித்து, எழுதிவிட்டேன். ஆறரைக்குச் செய்தித்தாள் படித்தேன். ஒன்பது முதல் மூன்றரை வரை கல்லூரி. அதில் ஒரு வகுப்பில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நானே படித்துக் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "சார், அந்த ஆளு ஏன் வாயத் தொறந்து சொல்லல?" என்று கேட்டாள். நான்கு வருடமாக இந்தக் கேள்விக்கு 'ஆண்மை பற்றிய சமூக எதிர்பார்ப்பு' என்று ஒரு பதில் வைத்திருந்தேன். நேற்று, "அவருக்குச் சொல்லத் தெரியலம்மா" என்றேன். அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

மாலை ஐந்தரைக்கு ஒருவருக்கான சமையல். உப்பு அதிகம்.

பிறகு ஆறு முதல் ஆறரை வரை. என்ன செய்தீர்கள் என்ற இடத்தில் 'காத்திருந்தேன்' என்று எழுதியிருக்கிறேன். மை கொஞ்சம் அழுந்தியிருக்கும். எங்கே என்ற இடத்தில் பால்கனி. பச்சைப் பேருந்து ஆறு இருபத்தைந்துக்கு வந்தது. ஒரு பெரியவரும் பள்ளிப் பையோடு இரண்டு பெண்களும் இறங்கினார்கள். நடைபாதைக் கற்களை இந்த வருடம் மாற்றிவிட்டார்கள். இப்போது யாரும் கீழே பார்த்து நடப்பதில்லை. ஒரு பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டு, யாரையாவது எதிர்பார்க்கிறேனோ என்று திரும்பிப் பின்னால் பார்த்தாள். நான் உள்ளே போகவில்லை. ஆறரை வரை அங்கேயே நின்றேன். அதைத் தாண்டியும் நின்றதால் கீழே இஸ்திரிப் பெட்டி அணையவே இல்லை.

மூன்றாவது கேள்விதான் என்னை உட்காரவைத்துவிட்டது. யாருடன்? அந்தக் கேள்வியைச் சேர்த்தவன் நான் என்று பெருமையடித்துக்கொண்டேன் அல்லவா, அதற்குக் கிடைத்த தண்டனை. முதலில் 'தனியாக' என்று எழுதி அடித்தேன். அது உண்மை இல்லை. ஆறு வருடமாகத் தனியாக நின்றதாக எனக்குத் தோன்றியதே இல்லை. கடைசியில் என்ன எழுதினேன் என்பதை நீ தாளிலேயே பார்ப்பாய். 'அவள் இன்னும் வரவில்லை' என்று இருக்கும். கேள்விக்குப் பொருந்தாத பதில்தான். வேறு பதில் என்னிடம் இல்லை.

இன்னொரு விஷயம். தன்னைப் பற்றிய பகுதியைத் திருத்தவும் நீக்கவும் வீட்டாருக்கு உரிமை உண்டு என்று உன் கடைசிப் பக்கத்து அறிவிப்பு சொல்கிறது. நாற்பத்தொன்றாம் வீட்டார் அந்த உரிமையைப் பயன்படுத்துகிறார். ஏப்ரல் இரண்டாம் தேதிக் கடிதத்தில் 'கையெழுத்துப் போடு' என்று ஒரு வரி இருக்கிறது. அதையும் அதற்கு அடுத்த வரியையும் நீக்கிவிடு. ஆறு வருடத்துக்கு முன் சொன்ன 'போறதுன்னா போ' எழுத்தில் இல்லை. அதையும் எப்படியாவது நீக்க வழி இருந்தால் பார்.

தாளையும் இந்தக் கடிதத்தையும் ஒரே உறையில் வைத்துவிட்டேன். வழக்கம்போலக் கீழே ஏதாவது குத்தலாக ஒரு பெயர் போட்டு முடிக்கலாம் என்று பேனாவைத் திறந்தேன். பிறகு தாளைத் திருப்பி விதிமுறைகளைப் படித்தேன். மூன்றாவது விதி: நிரப்பியவர் எந்த இடத்திலும் பெயரோ கையெழுத்தோ இடக்கூடாது, பெயர் எழுதுகிறவர்கள் தம்மை நல்லவராகக் காட்டிக்கொள்ளவே எழுதுவார்கள். அந்த வரியை நம் மேசையில் உட்கார்ந்து சொன்னவன் நான். எழுதிக்கொண்டவள் நீ.

மணி ஐந்தே கால். தபால் பெட்டி தெருமுனையில். போட்டுவிட்டு ஆறு மணிக்குள் மாடிக்குத் திரும்பிவிட வேண்டும். அதனால் கையெழுத்து இடாமலேயே இதைப் போட்டுவிடுகிறேன்.